கொக்குக்கு அர்த்தம் எழுதினேன்

ஜூலை 8
அம்மாவின் தையல் கம்பெனியில் தனிப் பாஷையே இருக்கிறது! "கொக்கு நிக்குது" என்றால், சூப்பர்வைசர் வரிசைக் கடைசியில் அசையாமல் நின்று பார்க்கிறார். "பாபின் காலி" என்றால் உண்மையில் நூல் தீரவில்லை; இடுப்பு வலிக்கிறது, இரண்டு நிமிடம் கையை நிறுத்துகிறேன். எல்லாம் ரேடியோ அக்கா உண்டாக்கியதாம். அம்மாவுக்குப் பக்கத்து மெஷின், வாய் ஓயாதவர். இன்று மட்டும் பதினோரு சொற்கள். அம்மா சொல்லச் சொல்லச் சிரித்தாள்.

ஜூலை 11
சுவர்ப் பத்திரிகைக்கு வழக்குச் சொற்களைப் பொருளோடு எழுதி வரச் சொன்னார் தமிழ் டீச்சர். என்னுடையவை எந்தப் புத்தகத்திலும் இல்லை!

ஜூலை 15
ஒட்டியாயிற்று. பொருள், தோன்றிய காரணம், எடுத்துக்காட்டு வாக்கியம். டீச்சர், "இது ஆராய்ச்சிடி!" என்றார்.

ஜூலை 18
அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏண்டி, எங்க பேச்சை எங்கடி எழுதி வெச்ச?"
சூப்பர்வைசரின் மகள் எங்கள் பள்ளியில்தான் ஒன்பதாம் வகுப்பு 'பி'யாம். படித்துவிட்டு வீட்டில் சொல்லிவிட்டாளாம். எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனி பேரைக்கூட நான் எழுதவில்லையே –
எழுதவில்லை. ஆனால் அடியில், 'தகவல் உதவி: என் அம்மா' என்று போட்டிருந்தேன். நன்றி சொல்லத்தானே போட்டேன்?

ஜூலை 19
இப்போது யார் "பாபின் காலி" என்றாலும் சூப்பர்வைசரே வந்து பாபினைக் கழற்றிப் பார்க்கிறாராம். சொற்களை உண்டாக்கியவர் என்று ரேடியோ அக்காவை அயர்ன் பிரிவுக்குத் தூக்கிவிட்டார். நாள் முழுக்க நிற்க வேண்டும்.
டீச்சர் முதல் பரிசு என்கிறார். அம்மா முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். இரண்டும் ஒரே தாளுக்கு. எழுதியதில் ஒரு பிழைகூட இல்லையே, அப்புறம் எது தப்பு? ஒண்ணுமே புரியல.

ஜூலை 20
தாளைக் கிழித்தேன். டீச்சரும் திட்டினார்.

ஜூலை 24
மன்னிப்புக் கேட்க ரேடியோ அக்கா வீட்டுக்குப் போனேன். வெந்நீர் வாளியில் காலை வைத்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.
"வாங்க டீச்சரம்மா! இந்தக் காலுக்கும் ஒரு அர்த்தம் எழுதிட்டுப் போங்க."
கிண்டலா, கோபமா? வாளியில் நீர் ஆறியிருந்தது. சூடாக்கி ஊற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2
அம்மா போனில் ரேடியோ அக்காவிடம் ஏதோ புதுச் சொல்லைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அர்த்தம் கேட்க வாய் துடித்தது. நோட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.
கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே மறுபடியும் சிரிப்பு.