எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனுக்கு

மரத்துப்போக வைக்கும் ஜெல்லியின் வாசம் இன்று காலை என் விரலில் ஏறிவிட்டது. மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. வாடிப்பட்டியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெரியவருக்கு மூக்கு வழியாக ஒயர் விட்டோம். உன்னை நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வந்து தொலைத்தாய்.

உனக்கும் இதே அறையில்தான் செய்தோம். இதயத்தின் மேலறை தறிகெட்டு ஓட, நாடி நூற்றைம்பதில் நின்றது. நூல் மாதிரி ஒயர். மூக்கில் விட்டு, தண்ணீரோடு விழுங்கச் சொல்லி, இதயத்துக்குப் பின்னால் உணவுக்குழாயில் நிறுத்தி, அங்கிருந்து அதைவிட வேகமாக மின்துடிப்புக் கொடுத்து அந்த ஓட்டத்தை மடக்க வேண்டும். "மொளகாய அரைச்சுத் தடவுன மாதிரி எரியுது, கூறுகெட்டவளே" என்று டாக்டர் முன்னாலேயே என்னை வைதாய். ஐந்தே நிமிடத்தில் திரையில் கோடு சீரானது. நான் அழுதேன். நீ புரோட்டா சாப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஊருக்குப் போய் என்ன சொன்னாய்? "என் தங்கச்சி ஒயரச் சொருகிச் சித்திரவதை பண்ணுனா. சரியாக்குனது ஆத்தா கோயில் துன்னூறுதான்." ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவிட்டு மறந்தும் போனாய்.

அந்தப் பங்குனியில் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள் மறுபடியும் படபடப்பு. போனில் உன் மூச்சைக் கேட்டதுமே கார் பிடித்து அலங்காநல்லூர் தாண்டி வந்தேன். மஞ்சள் காப்புக் கையை நெஞ்சில் வைத்தபடி எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாய்.

"காப்பு அவுக்காம எல்லை தாண்டக் கூடாது பாப்பா. ஊருக்கு ஆகாது. இன்னும் அஞ்சே நாளு, நானே வாரேன்."

"அஞ்சு நாள் தாங்காதுண்ணே. ரத்தக்கட்டி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துரும்."

"எம்புட்டுப் படிச்சு என்ன, போயி வேலையப் பாரு."

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். நீ அவர்களைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

மறுநாள் வாய் கோணி விழுந்தாய். எல்லையைத் தாண்டினாய், ஆம்புலன்சில். ஊசி போட இடைஞ்சல் என்று அதில் வந்த நர்ஸ் காப்பை அறுத்துப் போட்டாள். ஊரில் ஒருவரும் தடுக்கவில்லை. ஒரு வாரம்கூட நீ இருக்கவில்லை.

திதி அன்றுகூட உன்னைத் திட்டுகிறேன். மதினி காதுபடவே மண்டைக்கனம் பிடித்தவன் என்கிறேன்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று என் கைப்பையில் பிளாஸ்திரி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. கல்லைத் தாண்டி நாலு எட்டு வைத்து உன் காப்பை அறுத்திருந்தால், வைதுகொண்டாவது வண்டியில் ஏறியிருப்பாய். பைக்குள் கை விட்டு அதைப் பிடித்தும்விட்டேன். சாமி குத்தம் என் பிள்ளைகள் தலையில் விழுந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

உன்னைத் திட்டுவதை நிறுத்தினால் என்னைத்தான் திட்ட வேண்டியிருக்கும். அதனால் நிறுத்தப்போவதில்லை.