பென்னி என்று ஓர் ஆள் இல்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

"நீங்க எந்த ஊர், அங்கிள்?"

போன வருடம் சைனபு சீசே என்னைக் கேட்ட முதல் கேள்வி. இங்கேயே, அமெரிக்கக் கரையோரம் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவு என்றேன். "அது இல்ல, அதுக்கு முன்னாடி?" காம்பியாவிலிருந்து படிக்க வந்த பெண். கள்ளமில்லாமல்தான் கேட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் பூகோளம் நடத்தியவன் நான். ஆப்பிரிக்கப் படத்தைச் சுவரில் மாட்டி ஆறு, மலை, எல்லை எல்லாம் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேன். என் முன்னோர்களை எந்த இடத்திலிருந்து கப்பலேற்றி அடிமைகளாக விற்றார்கள் என்று தொட்டுக் காட்டத் தெரியாது.

"அதுக்கு முன்னாடி கடல்தாம்மா," என்றேன்.

இன்று அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. பல்கலைக்கழகத்தில் கறுப்பின மரபு விழா, 22ஆம் தேதி. ஆப்பிரிக்க மாணவர் சங்கத்துக்கு சைனபு தலைவி. அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினப் பிள்ளைகளின் சங்கத்துக்கு ஜனெல் மசீக், இதே மாநிலத்து ஆரஞ்ச்பர்க் பெண். இரண்டு சங்கமும் சேர்ந்து நடத்தும் முதல் விழா. தொடக்கத்தில் கொடி ஊர்வலம், அவரவர் நாட்டுக் கொடியோடு; சைனபுவின் யோசனை. செவ்வாய்தோறும் மாணவர் மையத்தில் காபி ஊற்றுகிறவன் என்பதால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"நாங்க எதைத் தூக்கிட்டு வர்றது? மேசைத் துணியையா?" என்றாள் ஜனெல்.

"அமெரிக்கக் கொடி இருக்கே," என்றான் நைஜீரியாக்காரன் ஒபின்னா.

ஜனெல் பார்த்த பார்வையில் காபி ஆறிவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

ஜனெல் விலகிவிட்டாள். அதே மாலைக்கு வேறு அரங்கு கேட்டிருக்கிறாள். "அவங்க விழா அவங்களுக்கு, எங்க விழா எங்களுக்கு, சார்."

சைனபு கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன் அங்கிள்?"

தப்பில்லை. ஆனால் ஒன்று நினைவு வருகிறது. பள்ளியில் சில ஆசிரியர்கள் வம்ச மரம் வரைந்துவரச் சொல்வார்கள். சில பிள்ளைகள் தாள் கொள்ளாமல் வரைந்து வரும். எங்கள் பிள்ளைகளுக்கு அன்று பார்த்துக் காய்ச்சல் வரும்.

சைனபுவிடம் இதைச் சொன்னேனா? இல்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மழை. சபை ஆராதனை முடிந்து இரண்டு பேருக்கும் போன் போட்டேன். ஒருத்தியும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

விழாச் சாப்பாட்டுக்கு இன்று ருசி பார்க்கும் நாள். நான் பென்னி பிஸ்கட் சுட்டுக்கொண்டு போயிருந்தேன். ஜனெல் தன் விழாவுக்கு மேசைத் துணி வாங்க வந்தவள், யாரோடும் பேசாமல் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒபின்னா ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் அட்டை எழுதினான். என் தட்டுக்கு முன் "பென்னியின் பிஸ்கட்" என்று வைத்தான்.

"யாரு அங்கிள் பென்னி? உங்க வீட்டம்மாவா?"

பெட்டிக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. "டேய் மக்கு! பென்னி ஆள் இல்லடா. பிஸ்கட்ல ஒட்டியிருக்கு பாரு, அந்தப் பொடி விதை. கடையில வேற பேரு போட்டிருப்பான். எங்க வீட்ல அது பென்னிதான்."

சைனபு கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "திரும்பச் சொல்லு."

"எதை? மக்கையா?"

"அதுக்கு முன்னாடி... இல்ல, அதுக்குப் பின்னாடி. அந்த விதையோட பேரு."

"பென்னி."

"எங்கம்மா பெனேன்னு சொல்வாங்க," என்றாள் சைனபு. "எங்க மண்டிங்கா பாஷையில. இதே எள்ளுதான், ஜனெல்."

எனக்குக் கெட்டில் கையிலேயே நின்றுவிட்டது. நான் பேசக் கற்ற நாளிலிருந்து வாயில் வைத்திருந்த சொல்!

ஒபின்னாதான் குதித்தான். "அப்ப ஜனெல் காம்பியாக்காரி! எடுங்கடா கொடியை!"

"சும்மா இரு. ஒரு பிடி எள்ளை வச்சு எனக்கு நாடு பிரிச்சுக் குடுக்காதே."

சரியாகச் சொன்னாள். அந்தக் கப்பல்களில் எத்தனையோ பாஷைக்காரர்கள். எந்த வாயிலிருந்து எந்த வாய்க்கு வந்த சொல்லோ! அதைக் காட்டி இதுதான் என் ஊர் என்று உரிமை கேட்க முடியாது.

சைனபு கீழே வைத்த பிஸ்கட்டை மறுபடி எடுத்துக்கொண்டு, "சரி, உனக்குக் கொடி வேண்டாம்," என்றாள். "வேற என்னல்லாம் உங்க வீட்ல சொல்வீங்க? சொல்லேன்."

ஜனெல் மேசைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 13, வியாழன்

வேறு அரங்கு வேண்டாம் என்று ஜனெல் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஊர்வலத்தில் நடப்பாளா? "தெரியல சார். வெறுங்கையோட நடந்தா அநாதை மாதிரி இருக்கும். அடுத்தவங்க கொடியைத் தூக்கினா திருடி மாதிரி இருக்கும்."



பிப்ரவரி 22, சனி

சைனபுதான் ஒலிபெருக்கியில் அழைத்தாள். கானா. எத்தியோப்பியா. நைஜீரியா — ஒபின்னா கொடியோடு ஆடிக்கொண்டே போனான். ஜமைக்கா. கடைசிக் கொடியும் போயிற்று. ஊர்வலம் வந்த கதவை மட்டும் மூடவில்லை.

"ஆரஞ்ச்பர்க்," என்றாள் சைனபு.

ஜனெல் வந்தாள். பென்னி பிஸ்கட் தட்டை இரு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். பின்னாலேயே எங்கள் கடலோர ஜார்ஜ்டவுனிலிருந்து ஒருவன் நண்டு வலையோடு. பியூஃபோர்ட் பெண் ஒருத்தி சபையில் வீசிக்கொள்ளும் அட்டை விசிறியோடு. ஊர்ப் பெயர் ஒவ்வொன்றுக்கும் அரங்கு அதிர்ந்தது. ஆப்பிரிக்கப் பிள்ளைகள்தான் அதிகம் கத்தினார்கள்.

காபி ஊற்ற நின்ற நானும் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது, "செயின்ட் ஹெலினா தீவு."

யார் அது என்று திரும்பிப் பார்த்தேன்.

"நீங்கதான் சார், நடங்க!" என்று ஜனெல் மேடையிலிருந்து கத்தினாள்.

கையில் காபிக் கெட்டில்தான் இருந்தது. அதோடேயே நடந்தேன். சைனபு அதற்கு முன்னாடி என்ன என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கால் வலி. சபைக்குப் போகவில்லை. தட்டைக் கழுவும்போது அடியில் ஒட்டிக்கொண்டு அந்த அட்டை வந்தது. ஒபின்னா திருத்தவே இல்லை: "பென்னியின் பிஸ்கட்." அடுப்புக்கு மேலே செருகி வைத்திருக்கிறேன்.

மறக்காமல் இருக்க எழுதிக்கொள்கிறேன். அடுத்த முறை புதிதாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், எந்த ஊர் என்று தொடங்காதே. அவர் தட்டில் இருப்பதைக் காட்டி, "இதுக்கு உங்க வீட்ல என்ன பேரு?" என்று கேட்டுப் பார்.