மீன் முத்திரை

பிர்னோ,
9 மார்ச் 1976

அன்புள்ள ஒத்தகர்,

இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். வியன்னாவில் உனக்கு என்ன குறைச்சல். இதைத் தபாலில் போடவில்லை. எல்லை தாண்டி அந்தப் பக்கம் லாரி ஓட்டும் என் சித்தி மகன் கொண்டுவருகிறான். படித்ததும் அடுப்பில் போடு.

உன் கண்காட்சிப் புத்தகத்தை முதன்முதலில் எங்கே பார்த்தேன் தெரியுமா? போலீஸ் மேசையில். செருப்பு ரப்பரில் முத்திரை வெட்டி, அஞ்சலட்டையில் குத்தி நாங்கள் உனக்கு அனுப்பியதெல்லாம் வழவழத் தாளில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அறுபது பேரின் பெயரும் விலாசமும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு டிக். அனுப்பியவர் எல்லோரையும் விலாசத்தோடு போட வேண்டும், ஒருவர் பெயரையும் அடிக்கக் கூடாது என்பது நம் வழக்கம்தான். அதற்காக உன்னோடு சண்டை போட்டவளே நான்தான். ஆனால் நமக்குள் சுற்றிய தட்டச்சுத் தாளுக்கான வழக்கத்தைக் கடையில் விற்கும் புத்தகத்துக்குமா கொண்டுபோவாய்? உன்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த நம் தலிபோர் இப்போது ஆஸ்பத்திரிக் கொதிகலனுக்குக் கரி அள்ளுகிறான். "படம் போடக் கரி வாங்குற செலவு மிச்சம், க்வேதா" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னை அழைத்த அதிகாரி மரியாதைக்காரன். "உக்காருங்கம்மா, காபி ஆறிடப்போகுது" என்றான். கசகசா பன் ஒன்றும் வைத்தான். என் மீன் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மீனா? எம் பொண்ணு இதவிட நல்லாப் போடுவா" என்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு என் மகள் யித்காவின் மேல்நிலைப்பள்ளி விண்ணப்பத்தை எடுத்து வைத்தான். அவளுக்கு இடம் கிடைக்குமாம். மாதம் ஒருமுறை உனக்குக் கடிதம் எழுதி, புதிதாகச் சேர்ந்தவர் யார் யார் என்று நான் கேட்டுச் சொன்னால் போதுமாம்.

கையெழுத்துப் போட்டேன், ஒத்தகர். போட்டுவிட்டு அந்தப் பன்னையும் தின்றேன். நன்றாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் என்மேலேயே அருவருப்பு வருகிறது.

அடுத்த வாரம் தபாலில் என் கடிதம் வரும். எழுத்து என்னுடையதாக இருக்கும், பாசமாகவும் இருக்கும். கீழே குத்தியிருக்கும் மீன் மட்டும் அவன் குத்தியது. பதில் போடு, போடாவிட்டால் யித்காவின் இடம் போய்விடும். மழை, உன் பல்வலி, பக்கத்து வீட்டுப் பூனை, எதை வேண்டுமானாலும் பக்கம் பக்கமாக எழுது. ஒரு பெயர்கூட வேண்டாம். நான் கெஞ்சினாலும் வேண்டாம்.

புதிய பட்டியல் போடும்போது என் பெயரை அடித்துவிடு. நாம் இதுவரை யாரையும் அடித்ததில்லை. என்னை அடி.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

முத்திரை இல்லாமல்,
க்வேதா