செவலைக்கு வார் பூட்டிய பிறகு

நேற்று மழை விட்டிருந்த நேரம். நான் ஏறியிருந்த ஆட்டோ பேகம்பூர்த் தெருவுக்குள் திரும்பியது. ஒரு கடை வாசலில் இடுப்புப் பட்டைகளும் கைப்பைகளும் தொங்கின. ஈரக்காற்றில் பதனிட்ட தோலின் வாடை வந்தது. ஓட்டுநர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கிழவிக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்து அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மயக்கமெல்லாம் இல்லை. உன் நினைவு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தெருவில்தானே நம் நாய் செவலைக்கு வார் தைத்தோம். அறுபதுகளின் தொடக்கம் அது. நீ ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் சுவர். நீ பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து பாடுவார்கள். நான் வாய்ப்பாடு கேட்டால் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து உன் பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள். ஆசிரியப் பயிற்சியில் ஒரே பாயில் படித்த நாம் ஒரே பள்ளியில் வந்து சேர்ந்ததை அன்று பெரிய அதிர்ஷ்டம் என்று பேசிக்கொண்டோம்.

உன் கண்ணில் முதலில் ஓரங்கள்தான் போயின. கரும்பலகை தெரியும், பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளை தெரியாது. பெஞ்சில் இடித்துக்கொண்டு நீ சிரிப்பாய். மதுரை டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு கையை விரித்தார். அடுத்த வருடம் பள்ளி திறந்தபோது உனக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிச்சம். வயது முப்பதுகூட ஆகவில்லை.

தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் பயந்தவர். வகுப்பில் உன் வேலையில் அவருக்குக் குறை இல்லை. கதை, பாட்டு, மனக்கணக்கு எல்லாம் நீ வாயாலேயே நடத்தினாய். பலகையில் எழுத வேண்டியதை நான் வந்து எழுதிவிட்டுப் போவேன். அவருடைய கவலை தெருவைப் பற்றியது. தனியாக வந்து தனியாகப் போக முடிந்தால் வேலையில் இருக்கலாம், வழியில் ஏதாவது ஒன்று நடந்தால் ரெட்டியார்சத்திரத்திலிருந்து உன் அண்ணனை வரவழைத்து அனுப்பிவிடுவேன் என்றார். ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். மூன்று வேளைச் சோறு இருக்கும். ஒரு மூலையும் இருக்கும். பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

நான் தினமும் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன் என்றேன். நீ கேட்கவில்லை.

"நீ காய்ச்சல்ல படுத்தா நானும் படுக்கணுமா? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆச்சுன்னா சீர்வரிசையோட சேத்து என்னையும் அனுப்புவாங்களாடி?"

செவலை அதற்கு முன்பே உன்னோடு வந்துகொண்டிருந்த நாய். உன் சந்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். மதியம் நீ போடும் சோற்றைத் தின்றுவிட்டு வேப்பமர நிழலில் படுக்கும். மாலையில் உன்னோடு திரும்பும். வழி அதற்கு மனப்பாடம். கழுத்தில் ஒரு கயிறு கட்டிப் பிடித்துப் பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் அதைப் பழக்கினோம். சாக்கடை விளிம்பு வந்ததும் நின்றால் ஒரு துண்டுக் கருவாடு. வண்டிச் சத்தம் கேட்டு ஒதுங்கினால் இன்னொரு துண்டு. பள்ளத்தைச் சுற்றிப் போனால் பெரிய துண்டு. அந்த நாட்களில் உன் முந்தானையே கருவாட்டு வாடை அடித்தது. கண் தெரியாதவர்களை நாய் நடத்திக் கூட்டிப்போகும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு என்று பின்னால்தான் அறிந்தோம். அன்று நமக்கு அது தெரியாது. நாமாகச் செய்தோம்.

கயிற்றில் நாயின் அசைவு உன் கைக்குச் சரியாக வந்து சேரவில்லை. அதனால்தான் பேகம்பூர் பாயிடம் போனோம். அவர் செருப்பும் குதிரைச் சேணமும் தைக்கிறவர். நாயைத் தொட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டியிருக்கும் என்று தள்ளியே நின்றார். நூலைக் கொடுத்து என்னை அளக்கச் சொன்னார். மார்பைச் சுற்றி இவ்வளவு, முதுகுக்கு இவ்வளவு என்று நான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். தைத்து முடித்து, அதன் மேல் பிரம்பில் ஒரு கைப்பிடியும் வைத்துக் கொடுத்தார். வார் செவலைக்குப் பொருந்தியதைத் தூரத்திலிருந்து பார்த்து, "மாப்பிள்ளைக்குச் சட்டை எடுப்பா இருக்கும்மா" என்றார்.

பிறகு பிள்ளைகள்.

நம் பிள்ளைகளுக்கு நாய் என்றால் கல்தான் முதலில் நினைவு வரும். யாராவது 'சூ' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அதனால் நீ ஒரு வாரம் முழுக்கச் செவலையைப் பாடமாகவே நடத்தினாய். ஒரு பிள்ளைக்குக் கண்ணைக் கட்டினாய், இன்னொரு பிள்ளையை நாயாக்கி ஒரு குச்சியின் மறுமுனையைப் பிடிக்க வைத்தாய், வகுப்புக்குள் தண்ணீர்ப் பானையையும் பலகைகளையும் வழியில் பரப்பினாய். நாயான பிள்ளை தன்னை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் பின்னால் வருபவன் பானையில் முட்டுவான். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு முழுவதும் சிரித்தது. தான் புகுந்து போகிற சந்து வேறு, கூட வருபவர் புகுந்து வருகிற சந்து வேறு என்பதைப் பிள்ளைகள் உடம்பால் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கல் எடுக்கவில்லை.

ஆனால் அன்பு வந்துவிட்டது. அதை நாம் எதிர்பார்க்கவில்லை.

மதிய உணவுக்காக எல்லாரும் வீட்டிலிருந்து அலுமினியத் தட்டு கொண்டு வருவார்கள். உப்புமாவில் ஒரு கவளத்தைச் செவலைக்கு மிச்சம் பிடித்தார்கள். முறுக்கு, கடலை, வெல்லம் எல்லாம் சட்டைப்பையில் வந்தன. காலையில் தெருமுனையிலேயே காத்திருந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லப்பட்ட பேகம்பூர்ப் பையன் ஒருவன் மட்டும் தள்ளி நின்று சலாம் வைப்பான். நினைத்துப் பார்த்தால் அவன் ஒருவன்தான் முதலிலிருந்தே சரியாக நடந்துகொண்டவன். செவலை மெல்ல மெல்லத் தட்டு கண்ட பக்கம் சாய ஆரம்பித்தது. நீ வாரில் அதை உணர்ந்து கவலைப்பட்டாய்.

பேச்சி நினைவிருக்கிறாளா? இருக்காமலா. ஊருக்கு வெளியே தோட்டத்திலிருந்து நடந்து வருவாள், எதையும் பாதிதான் தின்பாள். ஒரு மாலை, பள்ளி விட்டதும், சாலைக்கு அந்தப் பக்கம் நின்று தட்டைத் தூக்கிக் காட்டி, "செவலை, வா வா, உனக்குத்தான்" என்றாள். செவலை போயிற்று. வாரைப் பிடித்திருந்த நீயும் போனாய். குதிரை வண்டிக்காரர் கடிவாளத்தை இழுத்ததில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நீ சாக்கடைக்குள் விழுந்து கிடந்தாய். மணிக்கட்டு வீங்கிவிட்டது. வண்டிக்காரர் பயத்தில் கத்தினார். கண்ணு தெரியாத பொம்பளையை ஒரு நாயை நம்பி ரோட்டுல விட்டது எந்தப் புண்ணியவான் என்று தெருவே கேட்கக் கேட்டார்.

மறுநாளே உன் அண்ணன் மாட்டுவண்டியோடு வந்துவிட்டார். பெட்டியைக் கட்டச் சொன்னார். தலைமையாசிரியரும் தலையாட்டினார். நீ கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள், அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் எனக்குப் பின்னால் நடந்து வந்து பாருங்கள், வழியில் ஒரு தடவை தடுமாறினாலும் நானே வண்டியில் ஏறிக்கொள்கிறேன் என்றாய்.

பேச்சி பள்ளிக்கு வரவில்லை. நீ ஆள் அனுப்பி அவளை வரவழைத்தாய். கட்டுப் போட்ட கையோடு தரையில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாய். நான் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டப்போகிறாய் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏத்தா பேச்சி, உங்க தோட்டத்துல கமலை இருக்கில்ல?"

"இருக்கு டீச்சர்."

"மாடு கெணத்துலருந்து தண்ணிச் சாலை இழுத்துக்கிட்டு போகையில, பாவம் பசிக்குமேன்னு எதுத்தாப்புல நின்னு சோளத்தட்டையைக் காட்டுவியா?"

வகுப்பு சிரித்தது. பேச்சி சிரிக்கவில்லை. இவ்வளவு படித்த டீச்சருக்கு இது தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

"காட்டுனா இழுக்குறதை விட்டுட்டு எங்கிட்ட வந்துரும். தண்ணிச் சாலு திரும்பக் கெணத்துக்குள்ள போயிரும். எங்கய்யா என் தோலை உரிச்சுப்புடுவாரு."

"அப்ப மாட்டுக்குத் தீனி?"

"நொகத்தடியைக் கழட்டுன பெறகு வைப்போம்."

நீ அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வாய் நிறையச் சொற்கள் இருக்கும்போது ஓர் ஆசிரியை சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் உடனே விளக்கியிருப்பேன். இரண்டு உதாரணம் கூடச் சொல்லியிருப்பேன். நீ காத்திருந்தாய். பேச்சியின் பார்வை செவலையின் முதுகுக்குப் போயிற்று.

"டீச்சர், செவலைக்கு அதுதான் நொகத்தடியா?"

அன்று முதல் அது வகுப்பின் சட்டமாயிற்று. வார் பூட்டியிருக்கும்போது செவலை வேலையில் இருக்கிறது. யாரும் கூப்பிடக்கூடாது, எதுவும் காட்டக்கூடாது, கண்ணோடு கண் பார்க்கவும் கூடாது. வகுப்புக்குள் வந்து நீ வாரைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அது அவர்களுடைய நாய். அப்போது கட்டிக்கொள்ளலாம், ஊட்டலாம், வாலைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். மறுநாளே ஒரு பையன் பேசியதைச் சொன்னாய்: வீட்டில் தறி நெய்யும் அப்பா இழை எண்ணும்போது அவரிடம் பேசமாட்டேன், அதுவும் நுகத்தடிதானே என்றானாம். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த கர்வம் எனக்கு இன்னும் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை. பிள்ளைகள் யாரும் சொல்லாமல் தாங்களாகவே தெருவின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். தட்டுகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால். நீ வந்தாய். பின்னால் தோளில் துண்டோடு உன் அண்ணன், அவர் பக்கத்தில் தலைமையாசிரியர், கடைசியில் நான். ஒரு சத்தம் இல்லை. பேச்சியின் முன்னால் வந்ததும் செவலையின் நடை தளர்ந்தது. மூக்கு அவள் பக்கம் திரும்பியது. பேச்சி கழுத்து நோக வானத்தைப் பார்த்தபடி நின்றாள். செவலை அவளை மேலும் கீழும் பார்த்தது. இவளுக்கு என்ன ஆயிற்று என்று அது யோசித்திருக்க வேண்டும். பிறகு முன்னால் திரும்பி, சாக்கடைக் கல்லில் நின்று, நீ கால் எடுத்து வைக்கும்வரை பொறுத்து, பள்ளிக்குள் போயிற்று.

நீ வாரைக் கழற்றிய மறு நொடி வகுப்பு வெடித்தது. அந்தக் கூச்சலில் உன் அண்ணன் என் காதருகே வந்து சொன்னார்: "ஏம்மா, எங்க ஊருல சாவு வீட்டுல கூட இம்புட்டு அமைதியா நிக்க மாட்டாங்களே." அப்புறம் உன்னிடம் போனார். வண்டியில் அவரைக்காய் மூட்டை இருக்கிறது, இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். "லீவு விட்டா வா தாயி" என்றார். நீ அவர் போன பிறகுதான் அழுதாய்.

இதுவரை நான் எல்லாருக்கும் சொன்ன கதை. என் மாணவர்களுக்கும், பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் இருப்பதை உனக்கு மட்டும்தான் சொல்ல முடியும்.

அந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தான் என்று நீ அன்று மாலையே சொல்லிவிட்டாய். அதுவரை நாம் பேசிக்கொண்டேதான் நடப்போம். வீட்டுக் கதை, சினிமாக் கதை, தலைமையாசிரியரின் குடை. "வார் பூட்டியிருக்கையில நீயும் பிள்ளைங்க மாதிரித்தாண்டி. நீ பேசுனா என் காது உன் பக்கம் போயிரும். செவலைக்கு என் கை தப்பாச் சொல்லும்." நியாயம்தான். நான் பின்னால் தள்ளி நடக்கத் தொடங்கினேன். வருடக்கணக்கில் அப்படியே நடந்தோம். முன்னால் உன் நேரான முதுகு, உன் பின்னல், செவலையின் வால். நீ தனியாக நடப்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். கூடவே, அந்த இடைவெளியில் உன்னிடம் சொல்ல ஏதாவது ஒன்று தொண்டை வரை வந்து நிற்கும். வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருப்பேன். வகுப்பில் பிள்ளைகள் இருப்பார்கள்.

செவலை கிழடாகி, ஒரு மதியம் வேப்பமரத்தடியில் படுத்தது எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் குழி தோண்டினார்கள். மாலையில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். வாசலைத் தாண்டியதும், "இன்னைக்கு வார் இல்லையே. பேசிக்கிட்டு வாடி" என்றாய்.

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வாய்க்கு வரவில்லை. உன் சந்து வரை சும்மாவே நடந்தோம். கதவருகே நின்று, "வாயை எங்க வச்சுட்டு வந்த?" என்று சிரித்தாய். அடுத்த மாதம் இன்னொரு குட்டியைப் பழக்க ஆரம்பித்தாய். நான் மறுபடி பின்னால் போனேன். பிறகு எனக்கு மாற்றல் வந்தது, கல்யாணம் வந்தது. நீ ஓய்வு பெற்றபின் ஊருக்குப் போனாய், நீயாகவே, யாரும் வண்டி கொண்டு வராமல். போன மழைக்காலத்தில் நீ இல்லை என்ற செய்தியை உன் அண்ணன் மகன் சொன்னான்.

நேற்று எங்கள் தெருமுனையிலேயே ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டேன். வீடு வரை உன்னிடம் பேசிக்கொண்டே நடந்தேன். குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, பார்த்து வா என்றேன். பூக்காரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறது என்றேன். தக்காளி நன்றாக இருக்கிறது, ஆனால் இன்று வேண்டாம் என்றேன். எதிரில் வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை.