சூரியன் பாட்டை நிறுத்திய மத்தியானம்

மாப்பிள்ளை,

நேற்று மத்தியானம் கொழும்புப் பாட்டு பாதியில் நின்றதும், பழைய வழக்கப்படி ரேடியோவின் மண்டையில் இரண்டு போட்டேன். அது மசியவில்லை. ஏரியல் கம்பியைத் திருகிப் பார்க்கக் கூரை ஏறினேன். வேட்டி ஏணியில் மாட்டிக்கொண்டது. நான் மட்டும் மேலே போய்ச் சேர்ந்தேன். "எறங்குங்க, தெருவே பாக்குது! தம்பி இருந்தா செட்டை அடிக்க விடுமா?" என்றாள் உங்கள் அக்கா. நீங்கள் ஊர் மாறிப் போன பிறகும் என் வீட்டில் உங்கள் புகழ்தான். ஓட்டின் மேல் உட்கார்ந்தபோதுதான், பாட்டை நிறுத்தியது யார் என்று உறைத்தது. தலைக்கு மேலே அவன் ஒன்றும் தெரியாதவன் போலக் காய்ந்துகொண்டிருந்தான்.

பட்டாளத்தில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு நீங்கள் அரிமளத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்கு வந்த புதிது. கடலை விற்று நான் வாங்கிய ரேடியோதான் அதுவரை தெருவுக்கே ரேடியோ. எட்டாவதோடு நின்றவனுக்கு அந்தப் பெட்டிதான் பட்டம். அது ஒரு மத்தியானம் திடீரென்று ஊமையானது. தெரு கூடியது. நான் பின்பக்கத்தைக் கழற்றி வால்வுகளைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"கழட்டாதீங்க மச்சான். என் செட்டும் ஊமையாத்தான் கெடக்கு. சூரியன் வெடிச்சிருக்கு. அதோட கதிரு மேல வானத்தைக் கலக்கிவிட்ருச்சு. செத்த நேரத்துல தானாப் பாடும்" என்றீர்கள்.

"சூரியன் வெடிச்சா நாமெல்லாம் வறுகடலை ஆயிருக்க மாட்டமா மாப்பிள்ளை?" என்றேன். தெருவே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்கிக் கொஞ்ச நேரத்தில் உங்கள் வீட்டிலிருந்து பாட்டு வந்தது. சூரியன் சமாதானமாகிவிட்டான், நான் பிரித்துப் போட்ட பெட்டிதான் சமாதானமாகவில்லை. என் மகள் கமலா பாட்டு வந்த பக்கம் ஓடினாள்.

"அங்கிட்டு எங்க ஓடுற?"

"மாமாகிட்ட கேக்கணும்ப்பா, சூரியன் ஏன் வெடிக்குதுன்னு."

என்னிடம் கேட்டால் என்ன என்று நான் சொல்லவில்லை. சொல்லி, அவள் கேட்டுத் தொலைத்தால்?

சில சமயம் வெடிப்போடு நிற்காமல் சூரியன் மேகம்போல ஒன்றைத் துப்பிவிடும், அது இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாளாகும், வந்தால் ரேடியோ மறுபடி கரகரக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவள் சோற்றை மறந்து காத்திருந்தாள். நான் மறுநாளே பஸ் பிடித்துத் திருவரங்குளம் போய், அந்த மேகம் வரக்கூடாது என்று சிவனிடம் வேண்டிக்கொண்டேன். அர்ச்சனை என்ன காரியத்துக்கு என்று குருக்கள் கேட்டார். "குடும்ப விஷயம் சாமி" என்றேன். சிவனுக்கு உங்களைத்தான் பிடித்திருந்தது. சொன்ன கெடுவுக்குள் உங்கள் ரேடியோ கரகரத்தது. கமலா கைதட்டிக் குதித்தாள். பாட்டுக்குக்கூட அவள் அப்படிக் குதித்ததில்லை.

பிறகு, சூரியனை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கருவியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியதாகப் பேப்பரில் வந்த அன்று, உங்கள் வாசல் பெஞ்சில் நீங்களும் அவளும். "ஏன் மாமா, இங்கேருந்தே பாத்தா ஆகாதா?" என்கிறாள். "நம்ம காத்து ஒரு திரை ஆத்தா. வெடிக்கையில கெளம்புற எக்ஸ்ரே கதிரை அது கீழ விடாது. திரைக்கு அங்கிட்டுப் போனாத்தான் சூரியனோட நெச மொகம் தெரியும்." என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டீர்கள். "வாங்க மச்சான், உக்காருங்க."

"எனக்கு வேலை கெடக்கு" என்று வந்துவிட்டேன். வந்து, சுவருக்கு இந்தப்பக்கம் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துக் கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன், கட்டினேன். மாடே என்னைத் திரும்பிப் பார்த்தது. காது முழுக்கச் சுவரில்தான் இருந்தது.

நேற்றுக் கூரையிலிருந்து இறங்கியதும், "செட்டுல ஒண்ணுமில்ல, சூரியன் வெடிச்சிருக்கு" என்றேன். அதைப் பார்க்க மேலே ஒரு கருவி போயிருப்பதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டும் வந்தது. "மேல போன கருவி அதை எப்படிப் பாக்கும்?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். அன்று மாடு கட்டும் நேரத்தில் என் காதில் விழுந்தது அவ்வளவுதான். கமலா இப்போது திருச்சியில் இதைத்தான் படிக்கிறாள்; லீவுக்கு வரட்டும் என்று சொல்லிவைத்தேன்.

மகள் உங்களிடம் ஓடியதால் எனக்கு உங்கள் மேல் பொறாமை என்று உங்கள் அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். பாதி சரி. மீதிப் பொறாமை கமலா மேல். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்க அவளால் முடிந்ததே! நீங்கள் இடம் விட்ட அன்று என் வாய்வரை வந்து நின்ற வார்த்தை இன்னும் அங்கேயே நிற்கிறது:

"எனக்கும் சொல்லுங்க மாப்பிள்ளை."