மூட்டையை ஏற்றவிடவில்லை

மார்க்கையன்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

வேல்பாண்டி அப்பாவுக்கு, உங்கள் மனைவி சோணையம்மாள் எழுதுவது. இங்கே நான் சுகம். ஓசூர்க் குளிரில் உங்களுக்கு மூச்சு இரைக்கிறதா என்று எழுதவும். போனில் கேட்கலாம் என்றால் மருமகள் விஜி ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்க வைக்கிறாள். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடம் போகாமல் நானாகக் கற்ற எழுத்து. பிழை இருந்தால் இருக்கட்டும்.

கட்டில் போட இடமில்லாமல் தானிய மூட்டையை அடுக்கிவிட்டேன் என்று நீங்கள் கோபித்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய் இன்றோடு ஒரு மாதம் ஆகிறது.

நீங்கள் அனுப்பிய நெல் வியாபாரி முத்துராஜா வியாழக்கிழமை லாரியோடு வந்து நின்றான். "ஆத்தா, ஐயா போன்ல சொல்லிட்டாக. நெல்லு, கேப்பை எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ரூவாய அக்கவுண்ட்ல போட்டுர்றேன்" என்றான். ஏத்துறதா இருந்தா மொதல்ல என்னைய ஏத்து என்றேன். "ஒங்களுக்கு எந்த மில்லுல வெல குடுப்பாக ஆத்தா" என்று கேட்டுவிட்டு வெறும் லாரியோடு போனான். அவன் போன பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

வேல்பாண்டி வீடு வாங்க முன்பணம் வேண்டும் என்கிறீர்கள். அவன் சம்பாத்தியத்தில் வாங்கட்டும். மூட்டை எல்லாம் என் அப்பா எனக்கு எழுதி வைத்த வயலில் விளைந்தது. நான் சேர்த்து வைத்திருக்கும் வெள்ளிக்காசு என் மாட்டின் பாலில் வந்தது. இரண்டையும் தர மாட்டேன்.

நோட்டு செல்லாது என்று அறிவித்த வருஷத்தை நீங்கள் மறந்திருக்கலாம். பால் ஊற்றிச் சேர்த்த முப்பத்தோராயிரத்தை உங்களுக்குத் தெரியாமல் சேலை மடிப்பில் வைத்திருந்தேன். சொன்னால் வாங்கிக்கொள்வீர்கள் என்று பயந்து, மாற்றும் கெடு முடிந்த பிறகுதான் சொன்னேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் நீங்களும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்த நோட்டுகளைப் பேத்தி திரிஷாவிடம் கடை வைத்து விளையாடக் கொடுத்தீர்கள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து என் கைக்கு வரும் பணம் ஒரு வாரத்துக்கு மேல் காகிதமாக இருந்ததில்லை. கம்பத்துக் கடையில் பத்து கிராம் வெள்ளிக்காசாக மாறிவிடும். விளைந்ததையும் மூட்டையாகவே வைத்துக்கொள்கிறேன். வெள்ளி இன்றைக்கு என்ன விலை என்று உங்கள் மகனைக் கேளுங்கள். கேட்டுவிட்டு இரண்டு பேரும் சிரியுங்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அடியில் கிடந்த இரண்டு மூட்டை நெல்லில் அந்துப்பூச்சி விழுந்துவிட்டது. கோழிக்குப் போட்டேன். மிச்சத்தை வெயிலில் காயவைத்து, நொச்சி இலை போட்டுக் கட்டினேன். கேப்பையில் ஒரு மணி கெடவில்லை. பேங்கில் பூச்சி விழாது என்பீர்கள். என் நோட்டில் எந்தப் பூச்சி விழுந்தது என்று நான் கேட்பேன்.

இனி யாரையும் அனுப்ப வேண்டாம். விற்றுத்தான் தீர வேண்டும் என்றால் நீங்களே வந்து, என் கண் முன்னால் ஒவ்வொரு மூட்டையாக உங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஏற்றுங்கள். தினமும் வாசலில் நின்று மறிப்பேன். எத்தனை நாள் ஆனாலும் சரி. ராத்திரி பஸ்ஸில் மட்டும் ஏற வேண்டாம், பனி உங்களுக்கு ஆகாது. பகலில் கிளம்புங்கள்.

என்னோடு சண்டை போடும் தெம்பை உங்களுக்குக் குறையாமல் கொடுக்கச் சொல்லி வீரபாண்டி மாரியம்மனிடம் வேண்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சோணையம்மாள்