85-317 எண் பெட்டி

மார்ச் 9, 2004. செவ்வாய்

காலையிலிருந்து மழை. கீழ்த்தளத்துக்குள் மழைத் தண்ணீர் வரவில்லை. வந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும். ஷெரிஃப் அலுவலகத்தில் தரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான். பதின்மூன்று வருடமாகச் சான்றுப் பொருள் அறை. துப்பாக்கி, கத்தி, கறைபட்ட துணி, ஒரு படகு மோட்டார்.

செயின்ட் லூயிஸிலிருந்து ரமோனா பெக் என்ற வக்கீல் போன் செய்தாள். ஆல்வின் ட்ரெஸ்கட் கேஸ். 85-ல் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து அவளைக் கெடுத்ததாக ஆயுள் தண்டனை. அன்றைக்கு எடுத்த படுக்கை விரிப்பு இருந்தால் டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாமாம். 93 வெள்ளத்தில் போய்விட்டது என்று ஏற்கெனவே மூன்று முறை பதில் எழுதியிருக்கிறேன். 96-ல் அவனுக்கு, 99-ல் அவன் அம்மாவுக்கு, 2002-ல் இந்த ரமோனாவுக்கே.

"நானே வந்து தேடிப் பார்க்கலாமா, மிஸஸ் ஸ்டோக்ஸ்?"

கேப்டன் டூகனிடம் கேட்டேன். "வரட்டும். தூசியில தும்மிட்டுப் போயிடுவா," என்றார்.

மார்ச் 16. செவ்வாய்

வந்தாள். ஐந்து மணி நேரம் தேடினாள். நிறையத் தும்மினாள். கிடைக்கவில்லை.

போகும்போது, "அந்த மூணு லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி எங்கெல்லாம் தேடினீங்க?" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை.

"ரெஜிஸ்டர்ல பார்த்தேன்" என்றேன்.

ரெஜிஸ்டரில் பார்க்கவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் டூகன் ஒரு மாதிரிக் கடிதம் கொடுத்தார். பெயரையும் எண்ணையும் மாற்றி எழுதுவேன். அவ்வளவுதான்.

மார்ச் 17

ஒன்றும் இல்லை. பல் டாக்டர்.

மார்ச் 19. வெள்ளி

சாப்பாட்டுக்குப் பிறகு நானே தேடினேன். எதற்கு? தெரியாது. கேஸ் எண் 317. எண்களை இடம் மாற்றி எழுதுவது எனக்கே உண்டு. காசோலையில் இரண்டு தடவை செய்திருக்கிறேன். 371 பெட்டியை இறக்கினேன். புல்வெட்டும் இயந்திரம் திருடிய கேஸ். மேலே ரசீதுகள். அடியில் பழுப்புக் காகிதப் பை. ட்ரெஸ்கட், 317. சீல் வைத்த சிவப்பு நாடா பிரியாமல் இருக்கிறது.

வெள்ளம் அந்த அலமாரியின் கீழ்த்தட்டு வரைக்கும்தான் வந்தது. இது நாலாவது தட்டு.

மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 21. ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. முட்டி வலி என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆர்வில்லிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"அவன்தான்னு அந்தப் பொண்ணே கோர்ட்ல கைகாட்டிச்சு. அப்புறம் என்ன?" என்றார்.

"அப்போ டெஸ்ட் பண்ணாலும் அவன்னுதானே வரும். பண்ணட்டுமே."

"பண்ணட்டும். ஆனா நீ எழுதின லெட்டர் மூணும் பொய்யின்னு ஆயிடும்."

அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். முன்னால் வருவதை எனக்கு முன்பே பார்த்துவிடுவார். நான் அந்தப் பையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அதைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்? அவன் பத்தொன்பது வருடமாக உள்ளே இருக்கிறான், நான் என் கையெழுத்தைப் பற்றி... சரி. எழுதியாயிற்று.

மார்ச் 22. திங்கள்

டூகனிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் உங்களுக்கும்." ஆர்வில் பெயரை விட்டுவிட்டேன்.

"அந்த அலமாரி பூரா பழசு, வெர்லீன். புதன்கிழமை பழசை எரிக்க வண்டி வருது. லிஸ்ட் போடறது நீதான். நான் ஒண்ணும் சொல்லல."

உண்மைதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகக் கேட்டது.

கீழே வந்து உட்கார்ந்தேன். ஒரு பென்சிலைச் சீவினேன். சீவின பென்சிலையே இன்னொரு தடவை சீவினேன். அப்புறம் ரமோனாவுக்குப் போன் போட்டேன்.

"இருக்கு. நாடா பிரியல. புதன்கிழமைக்குள்ள ஜட்ஜ்கிட்ட ஆர்டர் வாங்குங்க. இல்லேன்னா இருக்காது."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை. இல்லை என்றேன்.

மார்ச் 23

காலை பத்தே முக்காலுக்கு ஆர்டர் வந்தது. ஜட்ஜ் கையெழுத்து. பையை ஆய்வகத்து ஆளிடம் ஒப்படைத்தேன். டூகன் என்னோடு பேசவில்லை. வேலை சுலபமாக இருந்தது.

ஜூலை 27. செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. அதைச் செய்தது அவன் இல்லை.

விரிப்பில் இருந்தது வேறு ஆளுடையது. அந்த ஆள் வேறொரு கேஸில் தண்டனை பெற்று 98-லேயே சிறையில் செத்துவிட்டான். அரசு வக்கீல் இன்னொரு ஆய்வகத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். பார்க்கட்டும். துணி நிறைய இருக்கிறது.

ஆர்வில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு யாரு போய்ச் சொல்லுவாங்க?" என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை.

அக்டோபர் 14. வியாழன்

இரண்டாவது ஆய்வகமும் அதையேதான் சொன்னது. இன்று கோர்ட். சாட்சிக் கூண்டில் நான்.

"வெள்ளத்தில் போய்விட்டது என்று எழுதினீர்களே, எங்கே தேடினீர்கள்?" ஜட்ஜே கேட்டார்.

"தேடல, யுவர் ஆனர்."

"மூன்று முறையுமா?"

"மூணு தடவையும்."

சுருக்கெழுத்துக்காரி அதை டைப் அடித்த சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். டூகன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்வின் ட்ரெஸ்கட் என்னைப் பார்த்தான். நாற்பத்து நாலு வயதாம். என்னைவிடப் பெரியவன் மாதிரித் தெரிந்தான்.

கழிப்பறையில் அவன் அக்கா ஒடெஸா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதின லெட்டரை அம்மா பைபிளுக்குள்ள வச்சிருந்தாங்க. தினமும் எடுத்துப் படிப்பாங்க. எங்கயாச்சும் ஒரு வார்த்தை விட்டுப்போச்சான்னு பார்ப்பாங்க."

"அம்மா இப்போ..."

"2001-ல போயிட்டாங்க."

காகிதத் துண்டு ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள். நான் கை கழுவவே இல்லை. முகம் நனைந்திருந்தது போல.

நவம்பர் 5. வெள்ளி

அவனை விடுதலை செய்துவிட்டார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போறது?

டிசம்பர் 2. வியாழன்

பதினொரு மணிக்கு ட்ரெஸ்கட் கீழே வந்தான். கைது செய்த அன்று வாங்கி வைத்த பொருள்களைத் திருப்பிக் கேட்டு. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. பெல்ட், பர்ஸ், சீப்பு, ஒரு வளையத்தில் மூன்று சாவி.

சாவிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணு அம்மா வீடு. ஒண்ணு வேலை பார்த்த மில்லு. இது எதுன்னு சுத்தமா ஞாபகம் இல்ல," என்றான்.

படிவத்தைக் கொடுத்தேன். கையெழுத்து போட்டான். நான் சொன்னேன்: "மன்னிச்சிடுங்க, மிஸ்டர் ட்ரெஸ்கட்."

"இப்ப என்னால முடியாது, மேடம். பின்னாடி முடியுமான்னும் தெரியல." கோபமே இல்லாமல், கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான். பெல்ட்டைக் கட்டிப் பார்த்தான். இரண்டு ஓட்டை தாண்டி இழுக்க வேண்டியிருந்தது.

வாசலில் நின்று கேட்டான். "இந்த மாதிரி லெட்டர் இன்னும் எத்தனை பேருக்குப் போட்டிருப்பீங்க?"

"தெரியல."

"எண்ணிப் பாருங்க."

டிசம்பர் 10. வெள்ளி

எண்ணினேன். நாற்பத்தொன்று.

டூகன் ஓய்வு வாங்கிக்கொண்டார், உடம்புக்கு முடியவில்லையாம். புது கேப்டன் என்னை ஜனவரி வரைதான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. நேரம் இல்லை.

இந்த வாரம் ஆறு கேஸ் தேடினேன். நாலு நிஜமாகவே இல்லை. இரண்டு இருக்கின்றன. ரமோனாவுக்குப் போன் செய்து எண்களைச் சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.